இவ எங்க பாக்குறா, தம்பி?

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு முதியவர் என் கடையில் உட்கார்ந்து கேட்ட கேள்வியைத்தான் தலைப்பாக வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து எந்த முகத்தைத் திரையில் திறந்தாலும், கண்ணருகே பிரஷ்ஷைக் கொண்டுபோகும் நேரத்தில் அந்தக் கேள்வி வந்து கையைப் பிடித்துக்கொள்கிறது. மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனில், குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து நடந்துபோகும் தொலைவில், ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் படங்களைத் திருத்தி, பிரிண்ட் எடுத்து, சட்டம் போட்டுத் தருவது என் தொழில். கல்யாணப் படங்கள், பட்டமளிப்புப் படங்கள், வீட்டுக் கூடத்தில் மாலை போட்டு மாட்டும் படங்கள் என்று எல்லாம் வரும். எங்கள் வட்டாரத்தில் இந்த வேலைக்கு இன்றும் டச்சிங் என்றுதான் பெயர். தோலில் செய்த பிழையை வாடிக்கையாளர் பெரும்பாலும் பொறுத்துக்கொள்வார். தலைமுடியில் செய்த பிழை அவர் பார்வையிலேயே படாது. கண்ணில் செய்த பிழையை மட்டும் சின்னக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். ஆனால் பிழை எது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. "ஏதோ ஒரு மாதிரி இருக்கு" என்பார்கள். அந்த ஒரு மாதிரி என்பது என்ன என்று பத்தொன்பது வருடத் தொழிலில் நான் நிதானமாக யோசித்ததில்லை. யோசிக்க வைத்தவர் அந்த முதியவர்.

முதலில் வந்தவர் அவருடைய மகன். தாயார் தவறி ஐந்து நாள் ஆகியிருந்தது. கருமாதிக்குள் படம் வேண்டும் என்றார். கையில் இருந்தது ஒரே ஒரு படம். பேத்தியின் காதுகுத்தில், மண்டபத்தில், கைப்பேசியில் எடுத்த குடும்பப் படம். பதினெட்டு பேர் நிற்கும் படத்தில் இரண்டாம் வரிசையில் அந்த அம்மா. மேலே டியூப் லைட், பக்கவாட்டில் மண்டபத்தின் அகலக் கதவு வழியாக வந்த பகல் வெளிச்சம். முகத்தைத் தனியாக வெட்டிப் பெரிதாக்கினேன். கண்கள் தெரிந்தன. வலக் கண்ணின் ஓரம் லேசாகச் சிவந்திருந்தது. இரண்டு கருவிழிகளின் விளிம்பிலும் வயதானவர்களுக்கு வரும் சாம்பல் நிற வளையம் இருந்தது. இடக் கண்ணில், மூக்கோரத்திலிருந்து கருவிழியை நோக்கி முக்கோணமாக ஒரு மெல்லிய சதை ஏறியிருந்தது. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சதையைத் தெரிந்திருக்கும். வருடக்கணக்கில் வெயிலும் தூசியும் கண்ணில் பட்டால் வளர்வது அது. பூமத்திய ரேகையை ஒட்டிய நாடுகளில் வெளிவேலை செய்கிறவர்களிடம் அதிகம். அந்த அம்மா எதிர்க்கரையில் பிறை என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், செம்பனை எனும் எண்ணெய்ப்பனை நாற்றுமேட்டில் நிழலில்லாத வேலை பார்த்தவர் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்று எனக்கு அது ஒரு குறை. நீக்க வேண்டிய பட்டியலில் ஒன்று. இன்னொரு குறையும் கண்ணில் பட்டது. எல்லாரும் கேமராவைப் பார்க்க, அந்த அம்மா மட்டும் படத்தின் வலப்பக்கமாக எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அம்மா நல்லா இருக்கணும், பாத்துச் செய்ங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மகன் போனார். நான் அன்று இரவு பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து பார்த்துத்தான் செய்தேன்.

ஒரு கண் நன்றாக இருக்கிறது, மறு கண்ணில் சதை. எளிய வழி, நல்ல கண்ணை நகலெடுத்து இடவலமாகத் திருப்பி மறுபக்கம் ஒட்டுவது. ஒட்டினேன். பக்கவாட்டில் பார்த்த கண்ணைத் திருப்பி ஒட்டியதால் இரண்டு கருவிழிகளும் மூக்கை நோக்கி நெருங்கி மாறுகண்போல ஆயின. ஆகவே இரண்டையும் நடுவுக்கு நகர்த்தி, நேராகப் பார்க்க வைத்தேன். அதன்மேல் ஒரு லேயரில், அதாவது அடியில் உள்ள படத்தைத் தொடாமல் மேலே விரித்து, வேண்டாதபோது அணைத்துவிடக்கூடிய ஓர் அடுக்கில், தோலைச் சற்று வெளுத்தேன். யாரும் கேட்கவில்லை, எங்கள் ஆட்களின் படம் என்றாலே கை தானாகச் செய்யும் வேலையாக அது ஆகியிருந்தது. அதற்கு மேல் வெண்விழியைப் பளிச்சென்று ஆக்க ஒரு லேயர். அதற்கும் மேல் கருவிழியின் வளையத்தை அழித்து, உள்ளே இருக்கும் பழுப்பைத் தூக்கிக்காட்ட ஒரு லேயர். விடிந்ததும் பார்த்தேன். கண்கள் மின்னின. மகனுக்குக் கைப்பேசியில் அனுப்பினேன். கைகூப்பும் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினார். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் மதியம் மாடிப்படியில் மெதுவாக யாரோ ஏறும் சத்தம் கேட்டது. எதிர்க்கரை பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரியில் வந்து, துறையிலிருந்து வெயிலில் நடந்தே வந்திருந்தார் அந்த அம்மாவின் கணவர். தண்ணீர் கொடுத்தேன். பிரிண்ட் போடும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று வந்ததாகச் சொன்னார். திரையில் திறந்து காட்டினேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையைச் சற்று இடப்பக்கம் சாய்த்துப் பார்த்தார், அப்புறம் வலப்பக்கம். கோயில் சன்னிதியில் தூண் மறைக்கும்போது நாம் சாய்ந்து பார்ப்போமே, அந்த மாதிரி. அப்போதுதான் கேட்டார்:

"இவ எங்க பாக்குறா, தம்பி?"

"நேரா நம்மளத்தான் பாக்குறாங்க ஐயா."

"இல்லையே" என்றார். குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. நிஜமாகவே தேடுகிறவர்போலத்தான் சொன்னார்.

## ஒவ்வொன்றாக அணைத்தபோது

என்ன செய்வதென்று தெரியாமல், மேலே இருந்த லேயரை அணைத்தேன். பிறகு அடுத்ததை. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, இரவு செய்த வேலையைத் தலைகீழாக அவிழ்த்துக்கொண்டே போனேன். அந்தப் பத்து நிமிடத்தில் பார்த்ததைத்தான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன்.

முதலில் அணைந்தது கருவிழி லேயர். அணைத்ததும் ஒரு செயற்கைத் தேன் நிறம் மறைந்து, கருமை திரும்பியது. இணையத்தில் நாம் பார்த்துப் பழகும் பாடங்களில் பெரும்பாலானவை நீலக் கண்ணையும் பச்சைக் கண்ணையும் வைத்துச் செய்து காட்டப்பட்டவை. அந்தக் கண்களின் முன்பரப்பில் மெலனின் என்ற நிறமி குறைவு. ஒளி உள்ளே சிதறித்தான் அந்த நிறமே வருகிறது. வெளிச்சத்தைக் கூட்டினால் இழை இழையாக அழகு தெரியும். நம்முடைய கருவிழியில் மெலனின் அடர்த்தி மிகுதி. அதே அளவுக்கு வெளிச்சத்தைக் கூட்டினால் இழைகள் தெரிவதற்குப் பதிலாக, பழுப்பு ஆரஞ்சாக மாறி, கடையில் விற்கும் நிற லென்ஸ் மாட்டியதுபோல ஆகிவிடும். இயற்கையில் நம் கண்ணில் பழுப்பு தெரிவது பெரும்பாலும் ஒரே ஓர் இடத்தில்தான். ஒளி எந்தப் பக்கத்திலிருந்து கண்ணில் படுகிறதோ, அந்தப் பக்கம் அந்த ஒளியின் பிரதிபலிப்பாக ஒரு வெள்ளைப் புள்ளி, ஒளிப்புள்ளி, இருக்கும். கருவிழிக்கு முன்னால் உள்ள ஒளிபுகும் படலம் ஒரு லென்ஸ்போல அந்த ஒளியை வளைத்து, எதிர்ப்பக்கத்தில் கொண்டுபோய்க் கொட்டும். ஒளிப்புள்ளி மேலே இடப்பக்கம் இருந்தால், கீழே வலப்பக்கம் ஒரு பிறைத்துண்டு மட்டும் சற்று வெளுத்துப் பழுப்பாகத் தெரியும். மீதி எல்லாம் கருமை. நான் முழு வட்டத்தையும் வெளுத்திருந்தேன். பக்கவாட்டிலிருந்து வரும் எந்த ஒளியும் ஒரு கண்ணுக்குள் அப்படி விழாது.

அடுத்து வெண்விழி லேயரை அணைத்தேன். படம் ஒரு படி மங்கியது; ஆனால் கண்கள் முகத்துக்குள் போய் அமர்ந்ததுபோல இருந்தது. கண்ணின் வெள்ளை வெள்ளை அல்ல. இதை எத்தனை முறை சொன்னாலும் எங்கள் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் நம்புவதில்லை. நானும் நம்பாமல்தான் இருந்தேன். கண் என்பது ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருண்டை. எந்த உருண்டையிலும் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல். மேல் இமையும் இமைமுடியும் சேர்ந்து அதன் மேல்பாதியில் நிழல் போடும். இரண்டு மூலைகளும் இருண்டு போகும். கன்னத்தின் நிறம் கீழிருந்து அதன்மேல் படியும். மெல்லிய இரத்த நாளங்கள் ஓடும். நம் நிறத்தவர்களின் வெண்விழியில் லேசான பழுப்புத் திட்டுகள் இருப்பதும் இயல்புதான். கணினியில் முழு வெள்ளைக்கு 255 என்ற எண். அதை நெருங்கும் இடம் கண்ணில் ஒளிப்புள்ளி ஒன்றுதான். இமையின் நிழலுக்குள் இருக்கும் வெள்ளை, நான் அளந்து பார்த்த பல படங்களில், அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. அதை எல்லாம் ஒரே சீராகத் தூக்கிவிட்டால் உருண்டை தட்டையாகி, சுண்ணாம்பு அடித்த சுவரில் இரண்டு கருப்பு வட்டம் வரைந்ததுபோல ஆகிவிடும். மூக்கோரத்தில் இருக்கும் இளஞ்சிவப்புச் சதைத்துணுக்கையும் கீழ் இமையின் ஈர விளிம்பையும் சேர்த்து வெளுத்துவிட்டால் அப்புறம் அது உயிருள்ள கண்ணே இல்லை, பொம்மைக் கண். நான் அதையும் செய்திருந்தேன்.

மூன்றாவதாகத் தோல் லேயரை அணைத்தபோதுதான் எனக்கே ஒரு திடுக்கிடல். அணைத்ததும், முந்தைய நொடி மங்கலாகத் தெரிந்த அதே வெண்விழி, ஒரு புள்ளிகூட மாறாமல், வெள்ளையாகத் தெரிந்தது. கருத்த தோலுக்கு நடுவே இருக்கும் வரை அந்த அம்மாவின் கண் தானாகவே வெளிச்சமாக இருந்திருக்கிறது. தோலை வெளுத்தது நான், அதனால் கண் மங்கியதுபோலத் தெரிந்தது, அதைச் சரிசெய்யக் கண்ணை வெளுத்தேன், அதனால் கருவிழி இருண்டு தெரிந்தது, அதையும் வெளுத்தேன். ஒரு பொய்யை மறைக்க அடுத்த பொய் என்று இரவு முழுக்கப் போயிருக்கிறேன். நம் மக்களின் படங்களில் கண்கள் பேய் விழிபோல வெளிறித் தெரிவதற்குக் கண்ணில் செய்யும் வேலையைவிடத் தோலில் செய்யும் வேலையே முதல் காரணம் என்பது அன்று முதல் என் உறுதியான கருத்து. "கொஞ்சம் கலரா ஆக்குங்க" என்று கேட்கிறவர்களிடம் இப்போது நான் வாதம் செய்வதில்லை. இரண்டு விதமாகவும் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணை மட்டும் பார்க்கச் சொல்கிறேன். பெரும்பாலோர் மனம் மாறிவிடுகிறார்கள். மாறாதவர்களும் உண்டு, அப்படிப்பட்ட வேலையை முடித்துக் கொடுத்த நாளில் மனம் கனத்துத்தான் வீட்டுக்குப் போகிறேன்.

கடைசியில் மிஞ்சியது திருப்பி ஒட்டிய கண். அதை அணைத்தேன். சதை திரும்பி வந்தது. பார்வை வலப்பக்கம் போனது.

"நிப்பாட்டு" என்றார் பெரியவர்.

திரையின் வலப்பக்கத்தில் ஒன்றுமில்லாத இடத்தை விரலால் காட்டினார். "அன்னிக்குப் பேத்தி அழுதுக்கிட்டே இருந்துச்சு. போன் வச்சிருந்த பையன் பக்கத்துல நின்னு நான் கிலுகிலுப்பை ஆட்டுனேன். எல்லாரும் கேமராவப் பாத்தாங்க. இவ என்னையப் பாத்தா."

பதினெட்டு பேர் படத்தில் அவர் ஏன் இல்லை என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. அவர் இருந்தார், சட்டத்துக்கு வெளியே, அந்த அம்மாவின் பார்வை போய் முடியும் இடத்தில். அதைத்தான் நான் குறை என்று நினைத்து நேராக்கியிருந்தேன். கருவிழியை நான் நகர்த்திய தூரம் அந்தக் கோப்பில் வெறும் ஆறு பிக்சல். ஒருவர் எங்கே பார்க்கிறார் என்பதை நாம் தெரிந்துகொள்வது, பெரும்பாலும் கருவிழிக்கு இரண்டு பக்கமும் எவ்வளவு வெள்ளை இருக்கிறது என்ற கணக்கை வைத்துத்தான். அந்தக் கணக்கில் நம் மூளை மிகக் கூர்மையானது. ஒளிப்புள்ளியும் சேர்ந்து காட்டிக்கொடுக்கிறது: நான் திருப்பி ஒட்டியதால் ஒரு கண்ணில் ஒளி இடப்பக்கத்திலிருந்தும் மறு கண்ணில் வலப்பக்கத்திலிருந்தும் வந்தது. இரண்டு கதவுள்ள மண்டபத்தில் நின்றால்கூட அப்படி வராது; இரண்டு கதவும் இரண்டு கண்ணிலும் தெரியும். முதியவருக்குப் பிக்சலும் தெரியாது, ஒளிப்புள்ளியும் தெரியாது. மனைவியின் பார்வை தன்னிடம் வந்து சேரவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

பார்வையை அப்படியே வைத்துக்கொண்டு, சதையை மட்டும் பதமாக எடுத்துவிடலாம் என்றேன். "அது இருக்கட்டும். முப்பது வருசமா அங்கதான் இருக்கு" என்றார்.

## கண்ணாடி மேசை

அவர் போன பிறகு என் ஆசானை நினைத்துக்கொண்டேன். தொழில் கற்க நான் முதலில் சேர்ந்தது இந்த ஊரின் ஒரு பழைய ஸ்டூடியோவில். டிஜிட்டல் வந்து விட்டிருந்தாலும் அங்கே நெகட்டிவ் டச்சிங் மேசையை எடுத்துப் போடாமல் வைத்திருந்தார்கள். சாய்வான பலகை, நடுவில் பால்நிறக் கண்ணாடி, அடியில் சன்னல் வெளிச்சத்தை மேலே அனுப்ப ஒரு முகக்கண்ணாடி. நெகட்டிவின் மேல் பென்சில் பிடிப்பதற்காக ஒரு வகை வார்னிஷைத் தேய்த்து, கடின முனைப் பென்சிலை உப்புத்தாளில் ஊசிபோலத் தீட்டிக்கொண்டு, பூதக்கண்ணாடி வழியே பார்த்து வேலை செய்வார் ஆசான். நெகட்டிவில் பென்சில் கருமை விழும் இடம் பிரிண்டில் வெளுக்கும். ஆகவே பென்சிலால் வெளுக்க மட்டும்தான் முடியும். ஒன்றைக் கருக்க வேண்டுமானால் கூர்கத்தியால் படலத்தைச் சுரண்ட வேண்டும். சுரண்டியதைத் திரும்பக் கொண்டுவர வழியே கிடையாது. அந்த நெகட்டிவில் ஒரு கண் அரிசிமணியில் பாதிகூட இராது.

அவர் கண்ணில் செய்த வேலை அநேகமாக ஒன்றே ஒன்றுதான். ஒளிப்புள்ளி மங்கியிருந்தால் அதன்மேலேயே பென்சில் முனையை ஒரு தடவை வைத்து எடுப்பார். புதிய புள்ளி எதையும் வைத்து நான் பார்த்ததில்லை. வைப்பதற்கு முன் நெகட்டிவை விட்டுவிட்டு எழுந்து, சன்னலோரம் நின்று கீழே தெருவில் போகிற வருகிறவர்களைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு வந்து உட்காருவார். கண்ணுக்கு ஓய்வு கொடுக்கிறார் என்று நினைத்திருந்தேன். உயிருள்ள கண்களைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று இப்போது படுகிறது. எனக்குக் கிடைத்த வசதிகள் அவருக்குக் கிடைக்கவில்லை; செய்ததை அழிக்கலாம், நூறு மடங்கு பெரிதாக்கலாம், ஓர் இமைமுடியைத் தனியாகத் தொடலாம். இந்த வசதியே என்னைக் கெடுத்தது என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் அந்த அம்மாவின் கண்ணை என்னால் திரும்பக் கொண்டுவர முடிந்ததும் அதே வசதியால்தான். ஆனால் திரை முழுக்க ஒரே ஒரு கண்ணை நிரப்பி வைத்துக்கொண்டு வேலை செய்யும்போது, அது ஒரு முகத்தில் இருக்கிறது என்பதே மறந்துபோகிறது. எனக்கு மறந்துபோயிற்று.

அதனால் சில பழக்கங்களை மாற்றிக்கொண்டேன். சிற்பிகள் சிலைக்குக் கண்ணைக் கடைசியில் திறப்பதுபோல, முகத்தில் மற்ற எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் கண்ணுக்கு வருகிறேன். தோலின் நிறம் ஒரு நிலைக்கு வராமல் கண் எவ்வளவு வெளிச்சம் என்று தீர்மானிக்கவே முடியாது. சிவப்பு இருந்தால் வெளிச்சத்தைத் தொடாமல் சிவப்பின் அடர்த்தியை மட்டும் கொஞ்சம் இறக்குகிறேன். இரத்த நாளங்களை முழுவதும் அழிப்பதில்லை. பழுப்பைக் கூட்ட வேண்டுமென்றால் ஒளிப்புள்ளிக்கு எதிரே இருக்கும் அந்தப் பிறைத்துண்டில் மட்டும், அதுவும் மனதுக்குப் போதும் என்று பட்ட அளவில் பாதியாகக் குறைத்து வைக்கிறேன். கருவிழியின் இருண்ட விளிம்பில் கை வைப்பதில்லை. முடித்தபின் படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பார்க்கிறேன். அந்த அளவிலும் முகத்தைவிடக் கண் முந்திக்கொண்டு வந்தால் கெடுத்துவிட்டேன் என்று அர்த்தம். பிறகு விடியும்வரை விட்டுவைத்து, காலையில் பிரிண்ட் அளவில் திறந்து பார்க்கிறேன். இவற்றில் எதுவும் புதிதில்லை, தொழிலில் இருப்பவர்கள் பலருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தே நான் செய்யாமலிருந்தேன்.

## இரண்டு வாரக் கணக்கு

எது போகலாம், எது இருக்க வேண்டும் என்பதற்கு எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடக்கூடியது எதுவோ அதை நீக்கலாம். பருவும் தூக்கமில்லாத கண்ணின் சிவப்பும் அந்த வகை. மச்சமும் தழும்பும் ஆளோடு இருப்பவை; அவற்றைத் தொடக்கூடாது. அந்த அம்மாவின் சதை விஷயத்தில் இந்தக் கணக்கு சரியாகவே இருந்தது, மீறியது நான். ஆகையால் அதற்குப் பிறகு இதையே வேதம்போலப் பிடித்துக்கொண்டேன். அதிலும் ஓர் ஓட்டை இருப்பதை ஒரு மணப்பெண் காட்டினார்.

சென்ற வருடம் இங்கே ஒரு கல்யாணம். பெண்ணுக்குத் தந்தை இல்லை. தாய்மாமன் நின்று தாரை வார்த்தார். தண்ணீர் விழும் அந்த நொடியில் பெண் அழுதிருக்கிறார். தாலி ஏறியபின் எடுத்த படங்களில் முகம் சிரிக்கிறது. வெண்விழி முழுவதும் சிவந்து, கீழ் இமையின் விளிம்பில் நீர் கோத்து, மை ஒரு மூலையில் நூலளவு கரைந்து இறங்கியிருந்தது. இரண்டு வாரம் எதற்கு, இரண்டு மணி நேரத்தில் போய்விடும் சிவப்பு. கணக்குப்படி நீக்கினேன். மையைச் சரிசெய்தேன். நல்ல சுத்தமான வேலை. ஒளிக்கு எதிராக எதுவும் செய்யவில்லை. என் ஆசான் பார்த்திருந்தாலும் குறை சொல்லியிருக்க மாட்டார். ஆல்பத்தைப் பார்த்த மணப்பெண், அந்தப் பக்கத்தில் நிறுத்தி, "அண்ணா, இதுல நான் அழுதிருந்தேன்ல?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறொன்றும் சொல்லாமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். நான்தான் அன்றிரவு அந்தப் பக்கத்தை மாற்றி அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிவப்பை முழுவதும் திருப்பி வைத்துவிட்டேன். மையின் கரைசலை விட்டுவைப்பதா எடுப்பதா என்று அரைமணி நேரம் யோசித்து, விட்டுவைத்தேன்.

ஆனால் அதே கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அக்காவுக்கும் கண் சிவந்திருந்தது. அது ஓமப்புகை. அதை நீக்கினேன், அவருக்கும் மகிழ்ச்சி. திரையில் இரண்டும் ஒரே சிவப்பு. ஒன்றுக்கும் மற்றதற்கும் வித்தியாசம் படத்தில் இல்லை, அந்த மனிதர்களிடம்தான் இருக்கிறது. பெரியவர் மாடியேறி வந்திருக்காவிட்டால் அந்த அம்மா யாரைப் பார்த்தார் என்பது எந்தக் கோப்பிலும் இருந்திருக்காது. இப்போது கண்ணைத் தொடுவதற்கு முன்னால் வாடிக்கையாளரிடம் ஒரு கேள்வி கேட்கிறேன்: இந்தப் படம் எடுக்கும்போது என்ன நடந்துகொண்டிருந்தது? சிலர் எரிச்சல்படுகிறார்கள், அவசரம் என்கிறார்கள். சொல்கிறவர்கள் நிறையவே சொல்கிறார்கள், ஒரு படத்துக்கு அரைமணி நேரம் போய்விடுகிறது. தொழிலாகப் பார்த்தால் கட்டுப்படியாகாது. இருந்தும் கேட்காமல் செய்ய இப்போது மனம் வரவில்லை. முகம் தெரியாத யாரோ எங்கிருந்தோ அனுப்பும் படங்களுக்கு என்ன செய்வது என்பது எனக்கு இன்னும் தீராத கேள்வி. அவற்றில் பார்வையை ஒருபோதும் திருப்புவதில்லை என்ற ஒன்றை மட்டும் உறுதியாக வைத்திருக்கிறேன்.

## மறுபடியும் மாடியேறி

கருமாதி முடிந்து இரண்டு மாதம் கழித்துப் பெரியவர் திரும்ப வந்தார். கையில் பிஸ்கட் பொட்டலம். தனக்கும் ஒரு படம் எடுத்து, அம்மா படத்தின் அளவிலேயே சட்டம் போட்டு வைத்துவிட வேண்டும், பிள்ளைகள் கடைசி நேரத்தில் கைப்பேசியில் தேடிக்கொண்டு இருக்கக்கூடாது என்றார். எனக்கு உடனே ஒரு சங்கடம் தோன்றியது. ஜோடியாக மாட்டும்போது கணவரின் இடப்பக்கத்தில், அதாவது பார்க்கிறவருக்கு வலப்பக்கத்தில், மனைவி படம் இருப்பது வழக்கம். அந்த அம்மாவோ படத்தின் வலப்பக்கம் பார்க்கிறார். அங்கே மாட்டினால் பார்வை கணவரை விட்டு விலகிச் சுவரைப் பார்த்துப் போகும். படத்தை இடவலமாகத் திருப்பிவிட்டால் தீரும். ஆனால் மூக்குத்தி மறுபக்கம் போகும், முந்தானை வலத்தோளுக்கு மாறும், சதை வலக் கண்ணுக்கு வந்துவிடும். இதையெல்லாம் அவரிடமே சொன்னேன்.

"அவளத் திருப்பாத தம்பி" என்றார். "அவ பாக்குற பக்கத்துல நான் இருந்துக்கிறேன்."

மாடி முகப்பின் சன்னல்களைத் திறந்துவிட்டு, மூன்று மணி வெளிச்சத்தில் அவரை ஸ்டூலில் உட்கார வைத்தேன். அம்மாவின் படத்தில் ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்தப் பக்கமே சன்னல் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். கேமராவுக்கு இடப்பக்கம், எங்கே பார்க்க வேண்டும் என்று கையை நீட்டிக் காட்டினேன். நான் காட்டிய இடத்தில் எதுவும் இல்லாததால் பார்வை நிலைக்காமல் அலைந்தது. சட்டம் போட அடித்து வைத்திருந்த அம்மாவின் இன்னொரு பிரிண்டை எடுத்து அந்த உயரத்தில் ஒரு நாற்காலியின் மேல் நிறுத்தி வைத்தேன். அப்புறம் அலையவில்லை.

அன்று மாலை கோப்பைத் திறந்தேன். கருவிழி விளிம்பில் அவருக்கும் அந்தச் சாம்பல் வளையம் இருந்தது. வலக் கண்மணிக்குள், ஒளிப்புள்ளிக்குக் கீழே, தனியாக இன்னொரு சிறிய மினுக்கு. முதலில் தூசி என்று நினைத்தேன். மற்றப் படங்களிலும் அதே கண்ணில் இருந்தது. கைப்பேசியில் அழைத்துக் கேட்டேன். கண்புரைக்கு அறுவை செய்து உள்ளே வில்லை வைத்த கண் அது என்றார். அந்த வில்லையில் ஒளி சில கோணங்களில் பட்டால் அப்படித்தான் மினுக்கும். "எடுத்துடவா ஐயா?" என்றேன். கொஞ்சம் யோசித்தார். அந்தக் கண்ணால்தான் இப்போது நன்றாகத் தெரிகிறது என்றார்.

மறு வாரம் வந்து, இரண்டு சட்டங்களையும் என் மேசையின் மேல் பக்கம் பக்கமாக நிறுத்திப் பார்த்தார். தன் படத்தை ஒரு விரற்கடை பின்னால் தள்ளினார், பிறகு கொஞ்சம் முன்னால் இழுத்தார். குனிந்து, இரண்டுக்கும் நடுவில் தலையை வைத்து, முதலில் ஒரு பக்கமும் பிறகு மறுபக்கமும் பார்த்தார். சரி, கட்டு என்றார். பழைய செய்தித்தாளில் சுற்றி, முகமும் முகமும் உள்பக்கமாக வரும்படி வைத்துக் கட்டிக் கொடுத்தேன். பெர்ரிக்கு நேரமாகிறது என்று இறங்கினார்.